மாமியாரும் மணல் மூட்டையும்

எனக்குக் கண் ஒன்றுதான். இடது கண்ணைச் சின்ன வயதிலேயே அம்மை கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணை வைத்துக்கொண்டு படித்து, நாஞ்சில்நாட்டில் வாத்தியாராகி, கல்யாணமும் செய்துகொண்டேன். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்திருந்த காலம். ஒருநாள் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கையில் பார்வையின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ எழும்பியது.

"எவம்ல அது, கிளாசுக்குள்ள குடைய விரிச்சுக்கிட்டு இருக்கது? மடக்குல!" என்று கத்தினேன்.

"மடக்கியாச்சு சார்" என்றார்கள். யாரிடமும் குடை இல்லை. அதைச் சொல்லப் பயல்களுக்குத் தைரியம் வரவில்லை. என் கோபம் அப்படி. மறுநாளும் குடை அங்கேயே இருந்தது, கொஞ்சம் பெரிதாகி.

ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் பின்பக்கம் ஒட்டியிருக்கும் விழித்திரை உரிந்து வந்துவிட்டது என்றார். சூடு வைத்து ஒட்டலாமாம். பார்வை வருமா என்றேன். சிலருக்கு வந்திருக்கிறது, சிலருக்கு வரவில்லை என்றார். மனைவி நிறைமாதமாக இருந்தாள். பிறக்கப்போகும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க என்னிடம் இருந்தது அந்த ஒரு கண்தான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த டாக்டர் ஓர் ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார். ஒட்டிய விழித்திரை மறுபடி உரியாமலிருக்க, தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்து, வாரக்கணக்கில் மல்லாக்கப் படுக்கப் போடுவதுதான் வழக்கம். அது அவசியந்தானா என்று அவருக்குச் சந்தேகம். ஆகவே ஒருவருக்கு மூட்டை வைப்பார். அடுத்து வருபவரைச் சீக்கிரமே உட்கார வைப்பார். பிறகு ஒரு வருஷம் சோதித்து, யாருடைய கண் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார். இதையெல்லாம் விளக்கிச் சொல்லி, எங்கள் சம்மதமும் கேட்டார்.

சூடு வைத்து ஒட்டி முடிந்ததும் எனக்கு மூட்டை. பக்கத்துக் கட்டிலில் கடியப்பட்டணத்து மீன்பிடிக்காரர்; அவருக்கு உட்காரும் வைத்தியம். இருவருக்கும் இரண்டு கண்ணிலும் கட்டு. என் குருட்டுக் கண்ணையும் விடவில்லை. அது அசைந்தால் நல்ல கண்ணும் கூடவே அசையுமாம்.

எனக்கு அம்மா இல்லாததால் துணைக்கு வந்தது மாமியார். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்து மாமியார்கள் மருமகன் முன்னால் வரமாட்டார்கள், பேசவும் மாட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து "ரசம் விடட்டுமான்னு கேளுட்டி" என்று மகளிடம் சொல்லும் குரல்தான் என் மாமியார். ஆனால் என் கண்ணைக் கட்டியதும் அவருக்குக் கூச்சம் போய்விட்டது. நான் பார்க்கவில்லை என்றால் அவர் என் முன்னால் வரவில்லை என்றுதானே அர்த்தம்! அப்பப்பா, என்ன பேச்சு! மகளின் சின்ன வயதுக் குறும்புகள், சம்பந்தி வீட்டார் கல்யாணத்தில் பப்படத்துக்குச் சண்டை போட்டது (அந்தச் சம்பந்தி வீட்டார் நாங்கள்தான்), எல்லாம் வந்தது. சிரித்தால் தலை குலுங்கும் என்பதால் எனக்குச் சிரிக்கத் தடை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

அவரால் பொறுக்க முடியாத விஷயம் ஒன்றே ஒன்று.

"மருமகப்பிள்ளைய மல்லாக்கப் போட்டு வாயில கஞ்சி ஊத்துனேன்னு ஊருல அறிஞ்சா, நான் நாக்கப் புடுங்கிக்கிட்டு சாவணும்."

மத்தியானம் நர்ஸ் சாப்பிடப் போனதும் மூட்டைகளைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். என்னை நிமிர்த்தி உட்கார வைத்து, இலை போட்டு, எரிசேரியோடு சோறு பரிமாறினார்.

"டாக்டர் அசையப்பிடாதுன்னாரு, அத்தே."

"அவருக்கு என்ன? அவரா மாமியாரு?"

தினமும் இதுதான். பசி வேறு, நானும் சாப்பிட்டேன்.

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவிக்கு வேறு வருத்தம். "வாத்தியாருக்கு ரெண்டு மூட்ட, எங்க ஆளுக்கு ஒண்ணுகூட இல்ல. நாங்க என்ன கொறஞ்சவியளா? எங்க கடப்பொறத்துல இல்லாத மணலா?" ஊருக்குப் போய், துணிப்பையில் மணலை அள்ளித் தைத்து எடுத்து வந்துவிட்டாள். கூடவே கருவாட்டு வாசமும் வந்தது. டாக்டர் தலை மறைந்ததும் புருஷனைச் சாய்த்து இருபுறமும் அணை கொடுத்துவிடுவாள்.

"வாத்தியாரே, என்னையக் கரையேத்துன வள்ளமா ஆக்கிட்டா" என்று அவர் முனகுவார்.

ஒருநாள் மத்தியானம் டாக்டர் சொல்லாமல் வந்துவிட்டார். கிடக்க வேண்டிய நான் கையில் பப்படத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். உட்கார வேண்டியவர் மணலுக்கு நடுவில் கிடக்கிறார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒருநாளும் முடக்கல்ல" என்றார் மாமியார், பெருமையாக.

"உங்க ரெண்டு பேரையும் வச்சு நான் என்னத்த எழுத? அது போகட்டும், இவருக்கு இருக்கதே ஒரு கண்ணு. அது போச்சுன்னா என்னம்மா செய்வீங்க?"

எனக்கு வியர்த்துக் கொட்டியது. மாமியார் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதன்பிறகு கஞ்சியை ஸ்பூனில்தான் ஊட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

நாள் கணக்கு முடிந்து கண் கட்டைப் பிரித்தார்கள். முதலில் ஒரே வெள்ளைப் புகை.

"என்ன தெரியுது?" என்றார் டாக்டர்.

"மஞ்சள் சேலை. பச்சைக் கரை. கதவுக்குப் பின்னால ஓடுது."

"யாரு அது?"

"எங்க மாமியாரு."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணீரோடு. மீன்பிடிக்காரருக்கும் பார்வை வந்தது. அது மணலால் வந்தது என்றாள் அவர் மனைவி. ஆராய்ச்சியிலிருந்து எங்கள் இருவரையும் டாக்டர் தள்ளிவிட்டார். ஆனாலும் ஒரு வருஷம் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சோதித்தார். கண்ணுக்கு ஒன்றும் வரவில்லை.

நான் வீடு திரும்பிய சில நாளிலேயே பெண் குழந்தை பிறந்தது. கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் சாடையும் இல்லை, மனைவி சாடையும் இல்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "பிள்ள யாரு சாடைன்னு கேளுட்டி."

"எங்க அம்மையத்தான் உரிச்சு வச்சிருக்கு" என்று மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் குழந்தையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, என் மாமியாரின் முகத்தை முதன்முறையாக நன்றாகப் பார்த்தேன்.