பாதம் இல்லாத நாமம்

வெட்டி வந்த தகட்டின் வளைவைக் கன்னத்தில் வைத்து மெல்ல இழுத்துப் பார்க்கிறார் ஜனார்தன். உறுத்தினால் தகடு மறுவெட்டுக்குத் திரும்பிவிடும். "கை காய்ச்சுப் போச்சு, அதுக்கு ஒண்ணும் தெரியறதில்லே. கன்னந்தான் சொல்லும்."

ஸ்ரீரங்கத்துத் தென்கலைக்காரர். புத்தூரில் அழகர்சாமியின் லேசர் பட்டறையில் வாசல் கேட்டுகளுக்குக் கம்ப்யூட்டரில் படம் போடுகிறார். ஜனங்கள் சங்கையும் சக்கரத்தையும் வீட்டுப் பெயரையும் போனில் அனுப்புவார்கள். அப்படியே வரைபடத்தில் ஏற்றினால் வளைவெல்லாம் துண்டு துண்டுக் கோடுகளாக உடைந்துவிடும். இயந்திரம் கோட்டைத்தான் வெட்டும்; சங்கு கரும்பு மாதிரி கணுக்கணுவாக வந்து நிற்கும். இவர் துண்டுகளை அழித்துவிட்டு ஒவ்வொரு வளைவையும் ஒரே வீச்சில் வரைவார். "சங்குக்கு முட்டி இருக்கப்படாது" என்று முணுமுணுப்பு வேறு.

மகள் ஸ்ம்ருதி வடகலைப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அவள் வாசலை இவர் மிதிக்கவில்லை. அதே பெருமாள், அதே பாசுரம். மாப்பிள்ளையின் நாமத்துக்குக் கீழே பாதம் கிடையாது, அவ்வளவுதான். பேத்தி பிறந்தும் போகவில்லை. இந்த வீம்பை நினைத்தால் பக்கத்து வீட்டுக்காரனான எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் அவள் புது வீட்டு கேட்டுக்கான நாமம் இதே பட்டறைக்கு வந்தது. பாதம் இல்லாமல் அடியில் வளைந்த நாமம். அவருக்கு அது ஒரு வேலையே இல்லை. தொடவில்லை. வந்தது வந்தபடி வெட்டக் கொடுத்தார். கன்னத்திலும் வைக்கவில்லை.

"சார், நறநறன்னு இருக்கே, அனுப்பிடவா?" என்றார் அழகர்சாமி.

"அவாளுக்கு இது போறும்."

வெள்ளிக்கிழமை ஸ்ம்ருதி பட்டறைக்குப் போன் செய்தாள். குழந்தை கேட்டில் முகத்தை வைத்துத் தெருவை வேடிக்கை பார்த்திருக்கிறது. கன்னம் கிழிந்து தையல் போட்டிருக்கிறார்கள். "படம் போட்டது யாருன்னு எனக்குத் தெரியும். எங்கப்பாவுக்கு வளைவு இப்படி வராது. வேணும்னே விட்டிருக்கார்" என்றாள். அழகர்சாமி அதை அப்படியே அவரிடம் சொன்னார்.

மறுநாள் காலை ஜனார்தன் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார், போனேன். கேட்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அரம் போட்டார். உள்ளே ஸ்ம்ருதி நின்றாள். இடுப்பில் குழந்தை, கன்னத்தில் பிளாஸ்திரி. வாங்கோ என்று அவள் சொல்லவில்லை.

"ஆச்சுன்னா கேட்டைச் சாத்திண்டு போங்கோ."

அரத்தைப் பையில் போட்டார். நாமத்தின் வளைவில் கன்னத்தை வைத்து மேலிருந்து அடிவரை இழுத்தார். பிறகு மறு கன்னத்தை வைத்தார்.