பாக்கியம் அக்கா யாரிடம் கேட்டார்

ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் பாக்கியம் அக்கா இறந்துபோய்விட்டாராம். விளையாட்டுக்கு ஊரையே ஏமாற்றித் திரிகிற எனக்கு யாரோ திருப்பிக் கொடுக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். குளவி கொட்டிய வீக்கம் வற்றுகிறது, வீட்டுக்கு விடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே! ஆனால் அம்மா போனை வைக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சபையில் அக்காவின் பெஞ்சுக்குப் பின்பெஞ்சு என்னுடையது. பிரசங்கம் நீண்டால் எனக்கும் ஏதாவது வேலை வேண்டுமே. ஒருமுறை அவர் காதருகே குளவி மாதிரி ரீங்காரமிட்டேன். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு அதைவிடப் பயம் வேறில்லை. பக்கத்திலிருந்த எஸ்தர் அக்கா முக்காட்டை இழுத்துக்கொண்டு பெஞ்சுக்கடியில் குனிந்தேவிட்டார். பாக்கியம் அக்கா திரும்பக்கூட இல்லை. "ஏய், ஒன் கொளவிக்குச் சளி புடிச்சிருக்கு. கொத்தமல்லி அவிச்சுக் குடுடி" என்றார். போதகர் பிரசங்கத்தை நிறுத்திப் பார்த்தது சபையாராகிய உங்களுக்கு நினைவிருக்கும்.

இனி எழுதுவதை நான் போட்டுக்கொடுக்கவில்லை. எஸ்தர் அக்காவே அடக்கத்தன்று எல்லார் முன்னாலும் சொன்னதுதான். மலையில் குளவிக்கூட்டைக் கண்டால் ஒரு கிளையை முறித்து எச்சரிக்கையாகச் செடிவரிசையான நிரைக்குக் குறுக்கே போட வேண்டும். வேலையை மேற்பார்க்கிற கங்காணி வந்து அன்று அந்த மலையில் வேலையை நிறுத்திவிடுவார். எஸ்தர் அக்கா முதல்நாள் மாலையே கூட்டைப் பார்த்தார். கிளையை முறிக்கவில்லை. நிறுத்தினால் மேல்மலைக்கு அனுப்புவார்கள், அங்கே கொழுந்து இல்லை, அரைநாள் பேர், அதாவது பாதிக் கூலிதான் விழும். நாம் அந்தப் பக்கம் போகாவிட்டால் போதும் என்று இருந்துவிட்டார். மறுநாள் அடித்த காற்றில் கூடு கலைந்தது. பக்கத்து நிரையில் நின்றவர் பாக்கியம் அக்கா; குளவிகள் அவரைத்தான் மொய்த்துக் கொட்டின. இருவரும் ஒரே டப்பாவில் சோறு தின்ற சினேகிதிகள்.

ஆஸ்பத்திரியில் நானும் அம்மாவும் இருந்தபோது எஸ்தர் அக்கா வந்தார். "கூட்ட நான் பாத்தேன் பாக்கியம். சொல்லாம விட்டுட்டேன்டி" என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். வீங்கிய முகத்தில் அக்காவின் கண்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை.

"ஏன்டி சொல்லல?" என்றார் அக்கா. பிறகு, "நீ என்கிட்ட மறைச்சுட்ட. ஆண்டவருக்கு எது மறைவு? அவரு கைய விட்டு நான் கீழ விழலடி. போ, எம் புள்ளைங்க பசியோட இருக்கும். சோறு குடு" என்றார்.

எஸ்தர் அக்கா போனதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "எல்லாம் தெரிஞ்ச ஆண்டவரு ஏங்க்கா தடுக்கல? அன்னைக்கு லீவா?"

"சிரிக்க வைக்காதடி, மூஞ்சி வலிக்குது." என் கையைத் தேடிப் பிடித்தார். "நானும் அதத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். பயமாத்தான் இருக்கு. ஆனா அவருக்கிட்ட கேக்காம வேற யாருக்கிட்ட போயி கேக்க?"

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

கூட்டை எரித்துவிட்டு மலையைத் திறந்துவிட்டார்கள். அக்காவின் நிரை அம்மாவுக்கு வந்திருக்கிறது. பக்கத்து நிரை எஸ்தர் அக்கா. "அவங்க பக்கத்துல போகாதீங்கம்மா" என்று கெஞ்சினேன். "பாக்கியமே அவள மன்னிச்சு விட்டுட்டா. நான் யாருடி புடிச்சு வைக்க?" என்றார் அம்மா.

அக்காவின் நம்பிக்கை எனக்கு முழுதாக வரவில்லை. பயந்துகொண்டே ஆண்டவரிடம் போய்க் கேட்கிற பழக்கம் மட்டும் வந்திருக்கிறது. இன்று காலை எஸ்தர் அக்கா வாசலில் வந்து, "போவமா?" என்றார். அம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு இறங்கினார். பனிமூட்டத்தில் இருவரும் மறையும்வரை நின்றேன்.

"ஆண்டவரே, அம்மா மலைக்குப் போறாங்க. நீங்க முன்னாடி போங்க" என்றேன்.