வெளிப்பக்கம் நாற்பது டிகிரி

எங்கள் தொழிற்சாலையில் அவருக்குத் 'தசமம்' என்று பெயர். நாலு தசம இடம் இல்லாத எண்ணை அவர் எண்ணாகவே மதிக்க மாட்டார். உலைச் சுவருக்குள் எந்த இடத்தில் எவ்வளவு சூடு என்று கணக்கிடுவது அவர் வேலை. சுவரின் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார். விளிம்புக் கட்டங்களில் சூட்டை முதலிலேயே எழுதிவிடுவார்: நெருப்புப் பக்கம் எண்ணூறு, வெளிப்பக்கம் நாற்பது. உள்ளே ஒவ்வொரு கட்டத்துக்கும் அதைச் சுற்றியுள்ள நான்கின் சராசரி. ஒரு சுற்று முடிந்தால் மறு சுற்று, எண்கள் அசையாமல் நிற்கும்வரை. கணினி வந்ததும் அதற்கும் இதையே சொல்லிக்கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து காவல் காத்தார். இருபத்திரண்டு வருடத்தில் ஓர் உலைச் சுவரையும் தொட்டுப் பார்த்ததில்லை. கேட்டால், "எதுக்குங்க, அதான் கணக்கு இருக்கே" என்பார்.

அவர் மனைவியும் நானும் லேபிள் ஒட்டும் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. புது உலை எரியத் தொடங்கிய வாரமே, மதியச் சாப்பாட்டு மேஜையில் அந்த அக்கா கணவரிடம் சொன்னார்.

"என் பின்னாடி உலைச் சுவரு கொதிக்குதுங்க. முதுகெல்லாம் எரியுது."

"நாப்பது டிகிரிதான். அதுல யாருக்கு எரியும்?"

"எனக்கு எரியுது."

"கணக்குல அப்படி வரலையே."

மூன்று மாதம் இந்தக் கூத்து நடந்தது. அக்கா முதுகுக்கு அட்டை வைத்தார், ஈரத்துணி வைத்தார். ஒரு நாள் மயங்கி லேபிள் கட்டுகள் மேலேயே சரிந்தார். அவருக்கு ஆள் அனுப்பினோம். பதறி ஓடிவந்தவர் சுவரில் கை ஊன்றினார், அலறிக்கொண்டு எடுத்தார்.

அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நாங்கள். அவர் நேரே தன் மேஜைக்குப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

விஷயம் பின்னால் தெரிந்தது: அவர் படத்தில் அந்தச் சுவருக்கு வெளியே காற்றோடும் வெட்டவெளி இருந்தது. ஜன்னல் இல்லாத எங்கள் அறையைப் படம் போட்ட பிறகுதான் ஒட்டிக் கட்டினார்கள். அந்த நாற்பதும் கணக்கு கண்டுபிடித்ததல்ல. கணக்கைத் தொடங்கும் முன்பே இவர் தன் கையால் எழுதிக்கொடுத்தது. அதைத்தான் மூன்று மாதமாகப் பெண்டாட்டிக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்திருக்கிறார் மனுஷன்.

மாலையில் கையில் கட்டோடும் ஒரு தாளோடும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"வெளியில உங்க அறை இருக்குன்னு வெச்சு மறுபடி போட்டுப் பாத்தேன். எழுபத்தொண்ணு வருது. நீ சொன்னது சரிதான்."

ஒருக்களித்துப் படுத்திருந்த அக்கா திரும்பவில்லை.

"இப்ப என்னை நம்புறீங்களா, அந்தத் தாளையா?"

அவர் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு, இத்தனை நாளில் முதல் தடவையாக, "ரொம்ப எரியுதா?" என்று கேட்டார்.