பத்து நாள் பத்தியம்

எங்கள் டிப்போவில் டிரைவர்களுக்கு வருடா வருடம் மருத்துவப் பரிசோதனை உண்டு. எங்கள் வண்டி டிரைவர் அண்ணனுக்கு மட்டும் அது பரீட்சை. பத்து நாள் முன்பே எண்ணெயைத் தொடமாட்டார், விடிந்ததும் ஓடுவார், ஓட்டலைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ரத்தம் கொடுத்த கையோடு அதே ஓட்டலில் வட்டியும் முதலுமாகத் தின்று தீர்ப்பார். இருபது வருடமாகக் கொழுப்பிலும் சர்க்கரையிலும் பாஸ். பாதி டிப்போ அவரிடம் டியூஷன் படித்தது. கண்டக்டரான எனக்குப் பரிசோதனையே கிடையாது. ஆனாலும் துணைக்கு என்னையும் பட்டினி போட்டு ஓடவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன மாதம் ஒரு காலை வண்டியை எடுக்கும் முன், "கண்ணாடியில இடது பக்கம் கறை இருக்குடா, துடை" என்றார். துடைத்தேன். மறுபடி துடைக்கச் சொன்னார். கண்ணாடி பளிச்சென்றுதான் இருந்தது. அன்றைக்கே அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

கண் டாக்டரம்மா உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "விழித்திரையில ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. என்ன காரணம்னு பார்க்கணும், இப்பவே ரத்தம் குடுங்க."

"பத்து நாள் டைம் குடுங்க டாக்டர். தயாராகிட்டு வந்துடறேன்."

கூட வந்த அண்ணி தலையில் அடித்துக்கொண்டார்.

கொழுப்பு தாறுமாறாக ஏறியிருந்தது. மூன்று மாதச் சர்க்கரையைக் கணக்குப் பார்க்கும் சோதனை அவர் குட்டை உடைத்தது. ஹோமோசிஸ்டீன் என்று ஏதோ ஒன்றும் அதிகமாம். "இது எங்க லிஸ்ட்லயே இல்லையே" என்று முறையிட்டார்.

"உங்க லிஸ்ட் ரத்தத்துக்குத் தெரியாதுங்க. இதெல்லாம் ஏற ஏற அடைப்பு வர வாய்ப்பும் ஏறும். இடது கண்ணுக்கு ஊசி போடறேன், பார்வை எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது. வலது கண்ணாவது தப்பணும்னா வருஷம் பூரா பத்தியம் இருங்க."

அண்ணன் லீவு போட்டார். லீவு முடியும்போது டிப்போ பரிசோதனை வந்தது. "ஸ்டியரிங் போச்சுன்னா நான் யாருடா?" என்று கேட்டார். கண் விஷயத்தை யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பத்து நாள் பத்தியத்தில் ரத்தம் வழக்கம்போல் பாஸ். அடுத்தது கண். சுவரில் இருபது வருடமாக அதே எழுத்து அட்டை. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு கடைசி வரி வரை தங்குதடையில்லாமல் சொன்னார். டிப்போ டாக்டர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். தினம் எங்கள் வண்டியில் ஏறும் அத்தனை பேரும் என் கண்முன் வந்து போனார்கள். ஆனாலும் வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். வெட்கக்கேடுதான்.

அண்ணன் வலது கண்ணிலிருந்து கையை எடுக்கவில்லை.

"சார், கையெழுத்துப் போடாதீங்க."

"ஏன், எல்லாம் சரியாத்தானே படிச்சீங்க?"

"படிக்கல சார், ஒப்பிச்சேன். அட்டை எந்தச் சுவத்துல இருக்குன்னே எனக்குத் தெரியல."