பூங்காவுக்கு நான் எழுதிய மனு

பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனைக் குப்பைமேட்டைப் பூங்காவாக்கச் சொல்லி மனு கொடுத்தவன் நான். அந்த இடத்தில் நடந்ததையெல்லாம் தேதியோடு டைரியில் குறித்து வைத்திருந்தேன். வேப்பமரத்தடியில் இஸ்திரி போடுகிறவர் முதன்முதலில் வண்டியை நிறுத்திய நாளும் அதில் இருந்தது. அந்த மரத்தடியைத் தினமும் கூட்டியவர் அவர் ஒருவர்தான். பூங்காவில் அவருக்கும் இடம் கிடைக்கட்டும் என்று அந்தத் தேதியையும் மனுவில் சேர்த்தேன்.

அவரிடம் வாசித்துக் காட்டியபோது, "நம்மளையும் எழுதியிருக்கியளே அண்ணாச்சி" என்று சிரித்து, என் சட்டையை இரண்டு முறை தேய்த்தார்.

இடத்தை அளக்க வந்த அதிகாரி மனுவைப் புரட்டினார். "ஆக்கிரமிப்புக்கு நாங்க சாட்சி தேட வேண்டாம். நீங்களே தேதி போட்டுக் குடுத்துட்டியளே சார்" என்று என் கையைக் குலுக்கினார். மறுநாள் இஸ்திரி வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பூங்கா நன்றாகவே அமைந்தது. திறப்பு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்த வாரம் வேப்பமரத்தடி பெஞ்சில் இஸ்திரிக்காரர் படுத்திருந்தார். காவலாளி கம்பால் அவர் காலைத் தட்டி, "வே, எந்திரியும். இங்கன படுக்கப்பிடாது" என்றான்.

எழுந்து போகும்போது அவர் என்னைப் பார்த்துவிட்டார். "அண்ணாச்சி, இன்னைக்கு என்ன தேதி? குறிச்சி வச்சுக்கிடுங்க."

வீட்டுக்கு வந்து குறித்தேன். காவலாளியிடம் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதை மட்டும் எழுதவில்லை.