அண்டாவில் ஊற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை

நேற்று ஆய்வகத்தில் முதலாமாண்டுப் பையன் ஒருவன் அசிட்டிக் ஆசிட் பாட்டிலைத் திறந்துபோட்டுவிட்டு, "டெக்ஸ்ட்புக்லாம் அவுட்டேட்டட் மேம், நான் நேரா ரிசர்ச் பேப்பர்தான் படிக்கிறேன்" என்றான். அந்த மூஞ்சியைப் பார்க்கணுமே! ஒரு கரைசல் கலக்கத் தெரியாது, போனில் இருபது பிடிஎஃப். திட்டத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் புளித்த நெடி மூக்கில் ஏறி வாயை அடைத்துவிட்டது. அதே மூஞ்சி ஒருகாலத்தில் எனக்கும் இருந்தது.

காஞ்சிபுரத்தில் அப்போது பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முதல் வருஷம். பாடப்புத்தகம் படிப்பவர்கள் என்றாலே எனக்கு இளக்காரம். பக்கத்தில் உட்காரும் மேரி, அட்டை பிய்ந்த லைப்ரரி புத்தகத்தை வைத்துக்கொண்டு முதல் பாடத்தையே ஒரு வாரம் படிப்பாள். நானோ பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் கட்டுரைகளைப் பிரிண்ட் போட்டு, தலைப்பு வெளியே தெரிகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவேன். புரிந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். மஞ்சள் மார்க்கரால் கோடு போடுவதில் ஒரு குறையும் வைத்ததில்லை.

என் அண்ணன் எங்கள் வீட்டிலேயே, இதே அசிட்டிக் ஆசிட் கலந்து பட்டு நூலுக்குச் சாயம் போடுவான். பத்தாவதோடு நின்றவன். தெருவில் யாரைப் பார்த்தாலும், "எங்க வூட்ல கெமிஸ்ட்ரி படிக்குது" என்று என்னைக் காட்டுவான். அந்தப் பெருமையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எனக்குத் துப்பில்லை. அரக்குச் சிவப்பு மங்கலாக விழுகிறது என்று ஒருநாள் அலுத்துக்கொண்டான்.

"நீ ஆசிட் கம்மியா ஊத்தறண்ணா. பேப்பர்ல தெளிவா போட்டிருக்குது."

"நெஜமாவாமா? கல்யாணப் பொடவை நூலு இது."

"ஆராய்ச்சி பண்ணவங்க பொய்யா சொல்லுவாங்க?"

கட்டுரையில் சொன்னது நூலின் எடையில் இரண்டு சதவீதம். மேதாவி நான், நூலைப்போல் முப்பது மடங்கு எடையுள்ள தண்ணீரில் இரண்டு சதவீதம் என்று கணக்குப் போட்டு, ஆசிட்டையும் முப்பது மடங்கு ஊற்றச் சொன்னேன். எதில் சதவீதம் என்று பார்ப்பதுதான் முதல் பாடம். மேரி ஒரு வாரமாகப் படித்தாளே, அதே பாடம்.

நூலை அண்டாவில் போட்டதும் சாயம் ஒரே பாய்ச்சலாக ஏறியது. வெளியே எடுத்தால் நூல் முழுக்கத் திட்டுத் திட்டு. அண்ணன் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றான். "பேப்பர்ல இப்படித்தான்ணா..." என்று அப்போதும் ஆரம்பித்தேன், வெட்கங்கெட்டவள்.

"உடுமா" என்றான். அவ்வளவுதான். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

அதன்பிறகு பாடப்புத்தகத்தோடு முட்டி மோதி, டாக்டர் பட்டமும் வாங்கி, சாயத்தைப் பற்றியே கட்டுரைகள் எழுதினேன். யார் படிக்கிறார்கள்? எங்கேயாவது என்னை மாதிரி ஒரு மிதப்புக்காரி மஞ்சள் கோடு போட்டுக்கொண்டிருப்பாள்.

அந்தக் கல்யாண நூல் பாழாவதற்கு முன்பெல்லாம் புதுச் சாய டப்பா வந்தால் அண்ணன், "இன்னா போட்டுக்கிதுன்னு படிச்சி சொல்லுமா" என்று முதலில் என் கையில்தான் கொடுப்பான். போன மாதமும் ஒன்று வந்தது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, அவனே எழுத்துக்கூட்டிப் படித்தான்.