மண்ணெண்ணெய்க் காருக்கு விழுந்த வாக்குகள்

கணினியில் கார்ப் பந்தயம் ஓடுகிற பெண் என்றால் மன்னாரில் இன்றைக்கும் சிலர் சிரிப்பார்கள். எனக்கு அது பழகிவிட்டது. நான் பிறந்தது தமிழ்நாட்டில், அகதி முகாமில். அங்கே ஒரு கணினி நிலையத்தில் வேலை பார்த்தபோது பிடித்த பழக்கம் இது. ஊர் திரும்பி, பட்டினத்தில் போனும் கணினியும் திருத்துகிற கடை போட்ட பிறகும் விடவில்லை. கடை பூட்டுமுன் ஒரு பந்தயமாவது ஓடினால்தான் எனக்கு அன்றைய வேலை முடிந்த மாதிரி.

நான் ஓடும் விளையாட்டைச் செய்தவர்கள் ஒருநாள் ஓர் அறிவித்தல் போட்டார்கள். அடுத்து எந்தக் காரைச் சேர்க்கலாம் என்று ஆடுகிறவர்களே சொல்லலாம். கூடுதல் வாக்கு எடுக்கிற காரைச் சேர்ப்பார்கள். ஆனால் காரை முன்மொழிகிறவர் அதன் படம், அளவு, ஓடுகிற சத்தம் எல்லாம் கொடுக்க வேண்டும். ரசிகர்களின் இணையக் குழுவில் இத்தாலியக் கார்களும் ஜேர்மன் கார்களும் வந்து குவிந்தன. ஒவ்வொன்றும் முந்தியதை விட வேகம். நான் ஏ-ஃபோர்ட்டி என்று எழுதி, எங்கள் ஊர் ரோட்டுகளில் இன்னும் ஓடுகிற, முதுகு உருண்ட அந்தப் பழைய இங்கிலாந்துக் காரின் படம் ஒன்றையும் போட்டேன்.

பின்லாந்துக்காரர் ஒருவர் உடனே பதில் போட்டார். எங்கள் குழுவில் அவரை முந்தியவர் யாரும் இல்லை. "இது பந்தய விளையாட்டு, அருங்காட்சியகம் அல்ல" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே சிரிப்புப் படங்கள் வரிசை கட்டின. எனக்குச் சுருக்கென்று ஏறியது. இந்தக் காரை உள்ளே கொண்டுவராமல் விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பக்கத்துக் கடற்கரை ஊரான ஓலைத்தொடுவாய்க்குப் போனேன். அங்கே கருவாடு போடுகிற ஓர் அன்ரியிடம் ஏ-ஃபோர்ட்டி ஒன்று ஓடுகிற நிலையில் இருந்தது. அவருடைய தகப்பன் விட்டுப்போன கார். சண்டைக் காலத்தில் ஆண்கள் வெளியே இறங்கப் பயந்தபோது, பிள்ளைப்பேற்றுக்காரிகளை அதில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனவர் அன்ரிதான். இப்போது கல்யாணமென்றால் மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் கோயிலுக்குக் கொண்டுபோய் இறக்குவார், ஸ்டியரிங்கை வேறு யார் கையிலும் கொடுக்காமல்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கருவாட்டைப் புரட்டியபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"விளையாட்டுக்குள்ள என்ர காரோ? என்ன பிள்ளை, பகிடி விடுறியோ?"

"உண்மையாத்தான் அன்ரி. ஆனா ஆக்கள் வாக்குப் போடோணும். வேகம் எண்டு சொல்ல ஏலாது. வேற என்னத்தைச் சொல்லுறது எண்டு தெரியேல்லை."

"பெற்றோல் இல்லாத காலத்தில மண்ணெண்ணெயில ஓடின கார் எண்டு சொல்லன்."

"மண்ணெண்ணெயிலயோ?"

முகாமில் வளர்ந்த எனக்கு அது புதுக் கதை. அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, காரின் பொனற்றைத் திறந்தார்.

"இதுக்குள்ள கொஞ்சம்போலப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணுறது. எஞ்சின் சூடானாப் பிறகு மண்ணெண்ணெய். புகைதான் ஊரை மூடும். ஆனா ஒருக்காலும் என்னை நடுவழியில விட்டதில்லை."

"ஒருக்கா ஓட்டிக் காட்டுவியளோ? வீடியோ எடுக்கிறன்."

"ஓம், அதுக்கென்ன."

காட்டினார். முன்னால் கம்பியைச் செருகி, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு ஒரே சுற்று. கார் இருமியது, குலுங்கியது, வெள்ளைப் புகைக்குள் மறைந்தது. பிறகு அந்தப் புகைக்குள்ளிருந்து கோர்ண் அடித்துக்கொண்டு வெளியே வந்தது. ஸ்டியரிங்கில் அன்ரி சிரித்துக்கொண்டிருந்தார்.

வீடியோவை ஏற்றினேன். மறுநாள் காலை கடை திறந்து பார்த்தபோது என் கண்ணை நம்ப முடியவில்லை. சிலியிலிருந்து, போலந்திலிருந்து, இந்தோனேசியாவிலிருந்து, "எங்களுக்கு அந்தப் புகைக் கார் வேண்டும்" என்று எழுதியிருந்தார்கள். கீழே போகப் போகத் தமிழிலும் வந்தது. நோர்வேயில் இருக்கிற ஒருவர், "நான் பிறந்ததே ஏ-ஃபோர்ட்டியின் பின்சீற்றில்தான். குடும்பத்தோடு வாக்குப் போட்டுவிட்டோம்" என்று எழுதியிருந்தார். 

சத்தம் பதிவதுதான் பெரும்பாடாய்ப் போனது. மன்னார்த் தீவில் எங்கே நிறுத்தினாலும் காற்று. பதிந்ததைப் போட்டுக் கேட்டால் ஊஊ என்ற இரைச்சலுக்குள் எஞ்சின் எங்கேயோ தூரத்தில் முனகியது. கடைசியில் என் மகளின் கரடிப் பொம்மையை, அவளிடம் கேட்டுத்தான், வெட்டி, அந்த உரோமத் துணியால் மைக்குகளை மூடினேன். ஒன்றைச் சைலன்சருக்குப் பக்கத்திலும் ஒன்றை எஞ்சினுக்குப் பக்கத்திலும் கட்டினோம். பெருநிலத்தில், நறுவிலிக்குளத்தில் மரங்கள் காற்றை மறிக்கிற வயல் ரோட்டு ஒன்று அன்ரிக்குத் தெரிந்திருந்தது. புறப்பட்டோம்.

தீவைப் பெருநிலத்தோடு இணைக்கிற பாலத்தடியில் பொலிஸ் மறித்தது. அடியில் வயர் தொங்க, உரோமத்தில் சுற்றிய ஏதோ ஒன்று சைலன்சரோடு கட்டிக் கிடக்க ஒரு கார் வந்தால் யார்தான் மறிக்க மாட்டார்கள்? இளம் சிங்களப் பொலிஸ்காரர் குனிந்து பார்த்தார். முகம் மாறியது.

"மொகத மே? என்ன இது?"

 அன்ரிதான் பதறாமல் பதில் சொன்னார்.

"சேர், காரிட சத்தம் பதியிறம். கொம்பியூட்டர் கேமுக்கு. நீங்களே கேட்டுப் பாருங்கோ."

ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். அன்ரி அக்சிலேற்றரை மெதுவாக மிதித்தார். பொலிஸ்காரர் கண்ணை மூடினார். திறந்தபோது வேறு ஆள் மாதிரி இருந்தார்.

"எங்கட அப்பாவுக்கும் இந்தக் கார் இருந்தது. இதே சத்தம்" என்றார், தட்டித் தடவிய தமிழில். ஹெட்போனைக் கழற்ற மனமில்லாமல் கழற்றித் தந்துவிட்டு, "வோட் எங்க போடுறது?" என்று கேட்டார்.

முடிவு வந்த அன்று நான் ஓலைத்தொடுவாய்க்குப் போன் எடுத்து, "அன்ரி, வெண்டிட்டம்!" என்று கத்தினேன். மறுபக்கத்தில் அவர் ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டது. பிறகு கார் கோர்ண் மட்டும் கேட்டது, விட்டு விட்டு, நீளமாக.

விளையாட்டைச் செய்தவர்கள் காரை உருவாக்கி முடிக்க மாதங்கள் எடுத்தன. வந்த அன்று அன்ரி கோயிலுக்குப் போகிற சேலையோடு கடைக்கு வந்து, கணினிக்கு முன்னால் கதிரையில் இருந்தார். திரையில் அவருடைய கார். இடது மட்காட்டின் நெளிவு கூட அப்படியே இருந்தது. கணினியோடு பூட்டியிருந்த ஸ்டியரிங்கைப் பிடித்து, இல்லாத கிளச்சை மிதித்து, நேரே கடலுக்குள் விட்டார்.

"நல்ல காலம், இது விளையாட்டு" என்று சொல்லி எழும்பினார். "நீ ஓடு பிள்ளை. நான் பார்க்கிறன்."

அன்றைக்கு ஏ-ஃபோர்ட்டிகள் மட்டும் ஓடும் பந்தயம் ஒன்று வைத்திருந்தார்கள். மலையில் ஏறி இறங்கும், சரளைக்கல் போட்ட கிறவல் ரோட்டு. பின்லாந்துக்காரரும் வந்திருந்தார். புறப்பட்டதும் புழுதியை எனக்குத் தந்துவிட்டு முன்னால் போனார். ஏற்றம் முழுக்க நான் அவருடைய பின்விளக்குகளைத்தான் பார்த்தேன். இறக்கத்தில் அவர் ஒவ்வொரு வளைவுக்கும் வழக்கம்போல வேகமாகப் போய்க் கடைசி நேரத்தில் பிரேக் அடித்தார். கார் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் வெளியே வழுக்கியது. நான் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து உள்பக்கமாக எடுத்தேன். இடைவெளி சுருங்கியது.

"விடாதை! விடாதை!" அன்ரி என் கதிரையைப் பிடித்து உலுக்கினார். கத்தல் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

கடைசி வளைவில் பின்லாந்துக்காரர் அகலமாகப் போனார். எனக்கு ஒரு கார் நுழைகிற அளவு இடம் கிடைத்தது. நுழைந்தேன். எல்லைக் கோட்டை நான் கடந்தபோது கடை முழுக்கக் கைதட்டல். அன்ரி என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டுக் கொஞ்சினார்.

திரையில் பின்லாந்துக்காரரின் செய்தி வந்தது: "அருமையான கார். இன்னொரு பந்தயம் ஓடுவோமா?" வாசலில் நின்றவர்களுக்காக அதைத் தமிழில் உரக்கச் சொன்னேன். திரும்பவும் கைதட்டினார்கள்.

அடுத்த கிழமை முசலியிலிருந்து ஒரு விவசாயி கடைக்கு வந்தார். போன் திருத்தத்தான் வந்தார் என்று நினைத்தேன். அவர் என்னை வெளியே கூட்டிப்போய், ரோட்டோரம் நிறுத்தியிருந்த தன் இரண்டு சில்லு உழவு இயந்திரமான லாண்ட்மாஸ்டரைக் காட்டினார். கழுவித் துடைத்து, கைபிடியில் பூமாலை போட்டிருந்தார்.

"தங்கச்சி, உழவும் செய்யும், பெட்டி பூட்டினா ஆக்களையும் ஏத்தும். இதையும் ஒருக்கா அதுக்குள்ள விட ஏலாதோ?"

நான் சிரிக்கவில்லை. உள்ளே போய் மைக்கை எடுத்துக்கொண்டு வந்தேன்.